கை உள்ளே போகும் முன்



தாராவியில் பொழுது விடிவதற்கு முன்பே மிஷின் சத்தம் தொடங்கிவிடுகிறது. முதலில் கேட்பது மாவு அரைக்கும் கிரைண்டர். அந்த மாவு இட்லியாகிறது. சைக்கிளில் ஏறுகிறது. மாட்டுங்கா, செம்பூர், சயான் என்று ஊர் முழுக்கப் போகிறது. வெயில் ஏறியதும் தையல் மிஷின்கள் ஓடத் தொடங்கும். தோல் வெட்டும் பிரஸ் 'டம்' என்று இறங்கும். 13ஆம் காம்பவுண்டுப் பக்கம் போனால் பிளாஸ்டிக் அரைக்கும் மிஷின்கள். அங்கே பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது.

நூறு வருஷத்துக்கும் முன்னால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மக்கள் இங்கே வந்தார்கள். தோல் பதனிடும் வேலைக்கு வந்தார்கள். கொண்டு வந்த முதல் என்ன? இரண்டு கைகள்தான். இன்றைக்கும் தாராவியில் பெரும்பாலோருக்கு அந்தக் கைகள்தான் சொத்து. அந்தக் கைகளைப் பற்றியும், அவற்றின் எதிரே ஓடும் மிஷினைப் பற்றியும்தான் இந்தப் பேச்சு.

ஒரு கேள்வி. மிஷினில் கை சிக்குவது எப்போது?

"வேலை மும்முரமாக நடக்கும்போது" என்று பலர் சொல்வார்கள். "தூக்கக் கலக்கத்தில்" என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இன்னொரு நேரமும் இருக்கிறது. அதை யாரும் வேலை நேரம் என்றே நினைப்பதில்லை. மிஷின் அடைத்துக்கொள்கிறது. திணறுகிறது. நின்றுவிடுகிறது. "என்ன ஆச்சு, பார்ப்போம்" என்று கை உள்ளே போகிறது. துடைக்கப் போகிறது. எண்ணெய் விடப் போகிறது. சிக்கிய துணியை இழுக்கப் போகிறது. ஓடும் மிஷினுக்குப் பயப்படுகிறவர்கூட நின்ற மிஷினுக்குப் பயப்படுவதில்லை.

நின்ற மிஷின் வேறு. கரண்ட் அறுந்த மிஷின் வேறு. இது புரிந்தால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

நின்ற மிஷின் எப்படிக் கடிக்கும்?

பிளாஸ்டிக் கிரைண்டரையே எடுத்துக்கொள்ளலாம். மேலே அகலமான வாய். உடைந்த வாளி, நாற்காலி, டப்பா எல்லாம் அதில்தான் கொட்டப்படும். உள்ளே கனமான ஓர் உருளை. உருளையில் கத்திகள். எதிரே பெட்டியின் ஓரத்தில் அசையாத கத்திகள். இரண்டும் கத்தரிக்கோல் போலச் சேரும்போது பிளாஸ்டிக் நறுங்குகிறது. கீழே சல்லடை. அதன் வழியாகத் துண்டுகள் விழும். வெளியே மோட்டார். மோட்டாருக்கும் உருளைக்கும் நடுவே பெல்ட். ஒரு பக்கம் கனத்த சக்கரம்.

தடித்த துண்டு ஒன்று உள்ளே விழுகிறது. அல்லது மெல்லிய பை ஒன்று உருளையைச் சுற்றிக்கொள்கிறது. உருளை நிற்கிறது. மோட்டார் 'உம்' என்று முனகுகிறது. பெல்ட் வழுக்குகிறது. ரப்பர் கருகும் வாடை வருகிறது. உருளை நின்றுவிட்டது. ஆனால் மோட்டார் அதைச் சுற்றப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இப்போது ஒருவர் கையை விட்டு, அடைத்த துண்டைப் பிடித்து இழுக்கிறார். துண்டு விடுபடுகிறது. அந்த நொடியே உருளையும் விடுபடுகிறது. கை இன்னும் வெளியே வரவில்லை.

சரி, சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கையை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுவிட்ச் கதவுப் பக்கம் இருக்கிறது. அணைத்தவர் மிஷினுக்குப் பின்னால் குனிந்திருக்கிறார். வெளியே மூட்டை இறக்கிய இன்னொருவர் உள்ளே வருகிறார். "ஏன் சும்மா நிக்குது?" என்று சுவிட்சைத் தட்டுகிறார். அவர் கெட்டவர் அல்ல. வேலையில் அக்கறை உள்ளவர். அந்த அக்கறையே கூட வேலை செய்பவரின் கையைக் கொண்டு போய்விடுகிறது.

கரண்ட் போனதால் நின்ற மிஷினும் உண்டு. சுவிட்ச் போட்டபடியே இருக்கும். எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். கரண்ட் வந்ததும் பல மிஷின்கள் தாமாகவே ஓடத் தொடங்கும்.

இன்னும் ஒன்று. கரண்டை முழுக்க எடுத்த பிறகும் கனமான உருளை சும்மா இருக்காது. ஒரு பக்கத்து அடைப்பை எடுத்தால் எடை மாறும். உருளை கால் சுற்றுச் சுழலும். கத்தி கூராக இருந்தால் அந்தக் கால் சுற்றுப் போதும். அதனால்தான் அனுபவம் உள்ள மிஷின்காரர்கள் உருளைக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுத்தான் கையை விடுவார்கள்.

தையல் மிஷினிலும் இப்படி ஒன்று உண்டு. கம்பெனிகளில் உள்ள பழைய வகைத் தையல் மிஷின்களில் கிளச் மோட்டார் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் மோட்டார் சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சத்தம் மட்டும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் ஊசியில் நூல் கோக்க விரலை வைத்து, கால் தவறி மிதியில் பட்டால், ஊசி இறங்கும். விரலில் ஊசி ஏறிய காரிகர் தாராவியில் எத்தனை பேர்! கேட்டால் சிரித்துக்கொண்டே தழும்பைக் காட்டுவார்கள். மோட்டார் அடங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். மிதியிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் ஊசிப் பக்கம் விரல் போகலாம்.

"கவனமாகத்தான் இருந்தேன்"

அடிபட்டவர் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். அவர் சொல்வது பொய் அல்ல.

மோட்டார் மேல் ஒரு சின்னத் தகடு இருக்கும். எழுத்துத் தெரியாதபோது அது வெறும் கோடுகள். இப்போது படிக்கலாம். பல மோட்டார்களில் 1440 என்று ஓர் எண் இருக்கும். ஒரு நிமிஷத்துக்கு 1440 சுற்று என்று பொருள். 60ஆல் வகுத்தால் நொடிக்கு 24 சுற்று. கண் பார்த்து, மூளை சொல்லி, கை பின்வாங்க ஏறத்தாழ கால் நொடி ஆகும். கால் நொடியில் மோட்டாரின் தண்டு 6 முறை சுற்றிவிடும். பெல்ட் வழியாக உருளையின் வேகம் பாதியாகக் குறைந்தாலும் 3 சுற்று. எவ்வளவு கெட்டிக்காரர் ஆனாலும் இந்தக் கணக்கை வெல்ல முடியாது.

ஆகவே கவனம் மட்டும் போதாது. கைக்கும் ஆபத்துக்கும் நடுவே ஏதாவது ஒன்று நிற்க வேண்டும். அதுதான் மூடி.

பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் கம்பி வலை மூடி வேண்டும். சேலைத் தலைப்பு, துப்பட்டா, லுங்கி, அவிழ்ந்த கூந்தல், கழுத்துத் துண்டு, இவற்றில் எது பட்டாலும் பெல்ட் இழுத்துக்கொள்ளும். இழுத்தால் விடாது. தலைப்பை இடுப்பில் செருகுவது நல்லது. கூந்தலை முடிந்து துணி கட்டுவது நல்லது. ஆனால் செருகிய தலைப்பு குனிந்து நிமிரும்போது நழுவும். நழுவினாலும் காப்பாற்றுவது மூடிதான்.

பிளாஸ்டிக் கிரைண்டரின் வாய் ஒரு கை நீளத்துக்கு மேல் ஆழமாக இருக்க வேண்டும். சுமார் மூன்றடி. அப்படி இருந்தால் கையை எவ்வளவு நீட்டினாலும் கத்தியைத் தொட முடியாது. இடம் போதவில்லை என்று சிலர் வாயை வெட்டிக் குட்டையாக்குகிறார்கள். அதுதான் ஆபத்து. உள்ளே தள்ள மரக்கட்டை வைத்திருப்பவர்கள் அதன் நீளத்தையும் பார்க்க வேண்டும். முழுக்க விட்டாலும் கத்தியைத் தொடாத நீளமாக இருக்க வேண்டும். நீளமான கம்பால் குத்தினால் கத்தி கம்பைப் பிடித்துச் சுழற்றும். கம்பு பிடித்தவரையே அடிக்கும்.

தோல் வெட்டும் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். ஏன் இரண்டு? இரண்டு கைகளும் பொத்தானில் இருந்தால் அச்சுக்கு அடியில் கை இருக்க முடியாது அல்லவா? எவ்வளவு எளிய யோசனை! ஆனால் ஒரு பொத்தானை டேப் ஒட்டி அழுத்தியே வைத்துவிட்டு, ஒரு கையால் தோலைத் தள்ளிக்கொண்டு வேலை செய்வதும் நடக்கிறது. பீஸ் கணக்குக் கூலி. நூறு பீஸுக்கு இவ்வளவு என்று பேசும்போது ஒவ்வொரு நொடியும் காசு. மூடியைக் கழற்றுவதும் பொத்தானைக் கட்டுவதும் சோம்பலால் வருவதில்லை. பெரும்பாலும் கூலிக் கணக்கால் வருகிறது. முதலாளியிடம் கூலி பேசும்போதே மூடியையும் சேர்த்துப் பேச வேண்டும். ஒருவர் தனியாகப் பேசினால் "உனக்கு மட்டும் என்ன?" என்பார்கள். பட்டறையில் உள்ள அனைவரும் சேர்ந்து பேச வேண்டும்.

தாராவியிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் சயான். அங்கே மத்திய தொழிலாளர் நிறுவனம் 1966 முதல் இருக்கிறது. மத்திய அரசுடையது. தொழிற்சாலைகளில் விபத்தைத் தடுப்பது எப்படி என்று ஆராய்வதும் கற்றுத் தருவதும் அதன் வேலை. பெரிய ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்த அந்த அறிவு, பத்தடிக்குப் பத்தடி பட்டறைக்குள்ளும் நுழைய வேண்டும்.

பியூஸ் யார் பையில்?

அடைப்பு எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது?

முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். அது போதாது. பிளக் உள்ள மிஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கித் தன் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். மெயின் பெட்டியோடு இணைத்த மிஷின் என்றால் மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றிய கட்டையை எங்கே வைப்பது? பெட்டி மேல் வைக்கக் கூடாது. கையை உள்ளே விடப்போகிறவர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பெண்கள் முந்தானையில் முடிந்துகொள்ளலாம். உள்ளே போவது யார் கையோ, பியூஸும் அவரிடம்தான் இருக்க வேண்டும். பூட்டும் வசதி உள்ள சுவிட்சாக இருந்தால் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளலாம். பெரிய ஆலைகளில் ஆளுக்கொரு பூட்டு வைத்திருப்பார்கள். மூன்று பேர் மிஷினுக்குள் வேலை செய்தால் மூன்று பூட்டுத் தொங்கும். மூவரும் வெளியே வந்து தத்தம் பூட்டைத் திறந்த பிறகுதான் கரண்ட்.

அணைத்த பின் சக்கரம் முழுக்க நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். நின்ற பிறகு சுவிட்சை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். ஏன்? தவறான பியூஸைக் கழற்றியிருக்கலாம் அல்லவா? மிஷின் அசையவில்லை என்றால் சரி. சுவிட்சை மறுபடி அணைத்துவிட வேண்டும். உருளைக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பிறகுதான் கை.

இன்னும் ஒரு காவல் உண்டு. அது எழுத்து. ஓர் அட்டை, ஒரு கயிறு, கொஞ்சம் மை போதும். பெரிய எழுத்தில் எழுதிச் சுவிட்ச் மேல் தொங்கவிட வேண்டும்: "கை உள்ளே இருக்கிறது. போடாதே." தமிழில் மட்டும் எழுதினால் போதுமா? தாராவியில் போதாது. பக்கத்து மிஷினில் பீகார்க்காரர் இருப்பார். சுவிட்ச் பக்கம் மராட்டிக்காரர் நிற்பார். இந்தியில் "ஹாத் அந்தர் ஹை, சாலூ மத் கரோ." மராட்டியில் "ஹாத் ஆத் ஆஹே, சாலூ கரு நகா." இந்த இரண்டையும் நாகரி எழுத்தில் எழுதித் தர மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை போதும். எழுத்துத் தெரியாதவருக்காகக் கீழே ஒரு கையின் படம். அட்டையை மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. முதலாளியாக இருந்தாலும் சரி.

ஈரத் தரையும் பச்சை ஒயரும்

மாவு கிரைண்டர் வேலை பெரும்பாலும் பெண்கள் வேலை. கல்லுக்கும் தொட்டிக்கும் நடுவே மாவைத் தள்ளிவிடக் கை போவது பழக்கம். வீட்டு ஆட்டுக்கல்லில் கற்ற பழக்கம் அது. ஆட்டுக்கல் நாம் நிறுத்தினால் நிற்கும். மோட்டார் நிற்காது. தள்ள வேண்டுமானால் நிறுத்திவிட்டுத் தள்ள வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து தண்ணீர். தரை ஈரம். கை ஈரம். கால் வெறுங்கால். கிரைண்டரின் உடம்பில் கரண்ட் கசிந்தால் அது தேடும் வழி ஈரமான மனித உடம்புதான். எர்த் ஒயர் எதற்கு? அந்தக் கரண்டுக்கு வேறொரு நல்ல வழி காட்டுவதற்கு. மூன்று முள் பிளக்கில் நீளமாகவும் தடிப்பாகவும் இருக்கும் முள் அதற்குத்தான். பச்சை ஒயர் அதற்குத்தான். பிளக் உடைந்தால் இரண்டு ஒயரையும் வெறுமனே துளையில் விட்டு, தீக்குச்சி செருகி ஓட்டுகிறார்கள். மிஷின் ஓடத்தான் செய்யும். எர்த் இல்லாவிட்டாலும் ஓடும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

இதயத் துடிப்பை நிறுத்த எவ்வளவு கரண்ட் வேண்டும்? 60 வாட் குண்டு பல்பு இழுக்கும் கரண்டில் ஒன்பதில் ஒரு பங்கைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. அந்த அளவு கசிந்ததும் தானே அறுத்துவிடும் ஒரு கருவி கடையில் கிடைக்கிறது. மின்காரரிடம் "30 மில்லி ஆம்பியர் கசிவு டிரிப்பர்" என்று கேட்டால் தெரியும். ஈரத்தில் வேலை நடக்கும் பட்டறைக்கு அது கட்டாயம் வேண்டும். எரிந்த பியூஸுக்குப் பதில் தடித்த செம்புக் கம்பி கட்டுவது மட்டும் கூடவே கூடாது. பியூஸ் எரிவது தொல்லை கொடுக்க அல்ல. எங்கோ கோளாறு என்று சொல்லத்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம்

மிஷினைப் பராமரிப்பது ஒரு வேலை, பாதுகாப்பு வேறொரு வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றுதான். மொண்ணைக் கத்தி பிளாஸ்டிக்கை வெட்டாது, மெல்லும். மென்றால் சூடாகும். சூடானால் பிளாஸ்டிக் இளகி ஒட்டும். ஒட்டினால் அடைக்கும். அடைத்தால் கை உள்ளே போகும். கத்தியை நேரத்தில் சாணை பிடித்தால் கை உள்ளே போகும் தடவை குறையும்.

கத்தி ஏன் மொண்ணையாகிறது? பிளாஸ்டிக்கோடு திருகாணியோ ஸ்பிரிங்கோ போய்விடுவதால். தரம் பிரிக்க உட்காரும் பெண்கள் அந்த இரும்பைப் பொறுக்கி எடுக்கிறார்கள். அவர்கள் கூலி குறைவு. ஆனால் மிஷின்காரரின் விரலைக் காப்பதில் அவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இதை யாரும் அவர்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

ஓர் எட்டணா நோட்டுப் புத்தகம் இன்று கிடைக்காது. பத்து ரூபாய் நோட்டாக இருக்கட்டும். மிஷின் பக்கத்தில் ஆணியில் தொங்கட்டும். எண்ணெய் விட்ட தேதி, கத்தி தீட்டிய தேதி, பெல்ட் மாற்றிய தேதி, போல்ட்டு முடுக்கிய தேதி. இன்றைக்குப் புதிதாக ஏதாவது சத்தம் கேட்டதா? தாங்கி சூடானதா? அதையும் ஒரு வரி எழுத வேண்டும். "செவ்வாய். இடது பக்கம் கடகட சத்தம்." இவ்வளவு எழுதினால் போதும். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. இரவு ஷிப்டுக்கு வருபவர் அதைப் படிப்பார். ஓடவிடும் முன் இடது பக்கம் பார்ப்பார். வாயால் சொன்னது அவர் வருவதற்குள் மறந்துபோகும். எழுதியது மறக்காது.

அடிபட்டால்

எவ்வளவு பார்த்தும் அடிபடலாம். அப்போது முதல் வேலை கரண்டை அறுப்பது. ஷாக் அடித்துத் துடிப்பவரைக் கையால் தொடக் கூடாது. மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ள வேண்டும். தள்ளுபவர் நிற்கும் இடமும் காய்ந்திருக்க வேண்டும். கை மிஷினில் சிக்கியிருந்தால் பிடித்து இழுக்கக் கூடாது. மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டி எடுக்கவும் கூடாது. போல்ட்டைக் கழற்றி விடுவிக்க வேண்டும்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் பிடிக்க வேண்டும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுக்க வேண்டும். எறிந்துவிடக் கூடாது. நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்ட வேண்டும். அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வைக்க வேண்டும். விரல் மேல் ஐஸ் நேராகப் படக் கூடாது. பட்டால் தசை கெட்டுவிடும். சில விரல்களை மீண்டும் ஒட்ட முடியும். முடியுமா என்று டாக்டர் சொல்வார். நேரம் போகப் போக வாய்ப்புக் குறையும். தாராவிக்குப் பக்கத்தில் மாநகராட்சியின் பெரிய ஆஸ்பத்திரி சயான் ஆஸ்பத்திரி. லோகமான்ய திலக் மருத்துவமனை என்பது அதன் பெயர்.

விரலுக்கு விலை

பம்பாய்ப் பஞ்சாலைகளின் நிலையை விசாரிக்க 1875இல் ஒரு குழு போட்டார்கள். 1881இல் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஆபத்தான மிஷினுக்கு வேலி போட வேண்டும் என்று அப்போதே சொன்னார்கள். ஆனால் 100 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அந்தச் சட்டம். 1891இல் அது 50 பேர் ஆயிற்று. 1922இல் 20 பேர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில், மின்சாரம் உள்ள இடத்துக்கு 10 பேர். 2020இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் தொகுப்பில் தொழிற்சாலை என்று கணக்கிட மறுபடி 20 பேர் ஆகிவிட்டது. தாராவியின் பல பட்டறைகளில் ஐந்தாறு பேர்தான். மிஷினுக்கு ஆள் கணக்குத் தெரியாது. ஐந்து பேர் உள்ள இடத்திலும் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது.

1948 சட்டத்தில் நல்ல விதிகள் பல இருந்தன. 21ஆம் பிரிவு மூடி போடச் சொன்னது. ஓடும் மிஷினின் பக்கம் போகிறவருக்கு உடம்போடு ஒட்டிய உடையை முதலாளி தர வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொன்னது. தற்செயலாக ஓடிவிடக்கூடிய சுவிட்சைப் பூட்ட ஏற்பாடு வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொன்னது. பட்டறை சின்னதாக இருந்தால் என்ன? நல்ல விதியை அங்கேயும் பின்பற்றலாம்.

இழப்பீட்டுச் சட்டம் வேறு. அது 1923இல் வந்தது. மின்சாரம் வைத்துப் பொருள் செய்யும் பட்டறை என்றால், ஆள் கணக்குப் பாராமல் அது பொருந்தியது. 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அந்த ஏற்பாட்டைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு உதவி இ.எஸ்.ஐ. வழியாக வரும்.

1923 சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. உடம்பின் எந்தப் பாகம் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு எத்தனை போயிற்று என்ற பட்டியல். கட்டை விரல் 30. ஆள்காட்டி விரல் முழுவதும் 14. நடு விரல் 12. மோதிர விரல் 7. சுண்டு விரல் 7. பேனா பிடிக்கும் மூன்று விரல்களும் அதில் இருக்கின்றன. தையல்காரரின் ஆள்காட்டி விரலுக்கும் 14தான். காவல்காரரின் ஆள்காட்டி விரலுக்கும் 14தான். தையல்காரருக்கு அந்த விரல் போனால் தொழிலே போய்விடும் என்பது பட்டியலுக்குத் தெரியாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தொழிலாளி வேண்டுமென்றே மூடியைக் கழற்றியதால் அடிபட்டது என்றால், இழப்பீட்டை மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. குடித்திருந்தாலும் அப்படித்தான். மூடியைக் கழற்றச் சொன்னது முதலாளியே என்றால் அதைச் சொல்லச் சாட்சி வேண்டும். கேட்க இரண்டு வருஷம் அவகாசம் தந்தது அந்தச் சட்டம். ஆனால் தாராவியில் இரண்டு வருஷத்தில் சாட்சி ஊர் மாறிவிடுவார். பட்டறையும் கைமாறிவிடும். உடனே எழுத்தில் கேட்க வேண்டும்.

அதற்கு அடிப்படை ஆஸ்பத்திரியின் கேஸ் பேப்பர். "எப்படி அடிபட்டது?" என்று அங்கே கேட்பார்கள். "வீட்டில் விழுந்தேன் என்று சொல்லு, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாராவது காதில் சொல்லக்கூடும். வீட்டில் விழுந்ததாக எழுதிவிட்டால் அப்புறம் மிஷின் பேச்சுக்கே இடம் இல்லை. எந்த மிஷின், எந்த இடம், என்ன நேரம் என்று உள்ளபடி சொல்ல வேண்டும். அதை அப்படியே எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கேஸ் பேப்பரைப் பத்திரமாக வைக்க வேண்டும். ஒரு நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

பிறகு சமரசம் பேச ஒரு தாள் வரும். சில நேரம் அது வெற்றுத் தாளாகக்கூட வரும். அடிபட்ட வலது கையால் எழுத முடியாது. இடது கைப் பெருவிரலில் மை தடவ யாராவது முன்வருவார்கள். கூட வந்தவர் அந்தத் தாளைக் கையில் வாங்க வேண்டும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, அடிபட்டவர் காதில் விழும்படி சத்தமாகப் படிக்க வேண்டும். ஒரு வரி புரியாவிட்டால் மறுபடி படிக்க வேண்டும். தொகை எழுதும் இடம் காலியாக இருந்தால் தாளைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.